பேராசிரியரின் குணத்துக்கு மதிப்பெண் போடலாமா?

பாடம் நன்றாக எடுக்கிறார். ஆய்வு நூல் வெளியாகியிருக்கிறது. மாணவர்கள் அவருக்காகக் கையெழுத்து திரட்டுகிறார்கள். இருந்தும் கல்லூரி அவரை நிரந்தரமாக்க மறுத்துவிட்டது. சொல்லப்படும் காரணம், "சக ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை." அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளிலிருந்து இப்படிப்பட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன. படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். ஒருவர் சிடுமூஞ்சியா, கலகலப்பானவரா என்பதெல்லாம் வேலையைத் தீர்மானிக்கிற விஷயமா? சில ஆயிரம் மாணவர்கள் படிக்கும் நம் ஊர்க் கல்லூரிகளில் பேராசிரியரின் சுபாவம் கேன்டீன் பேச்சோடு முடிந்துவிடும். அங்கே மட்டும் அது கமிட்டி, வழக்கு, கண்டனம் என்று ஏன் வளர்கிறது?

தனிமனிதர்களின் சண்டையாக மட்டும் இதைப் பார்த்தால் பதில் கிடைக்காது. அந்தக் கல்லூரிகளின் அமைப்பே ஆசிரியரின் குணத்தின் மேல்தான் நிற்கிறது. அவற்றின் பலம் எதுவோ, அதேதான் அவற்றை உடைக்கவும் செய்கிறது. அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் என்ன?

பெயரில் ஆர்ட்ஸ் இருந்தாலும் அங்கே இயற்பியல், கணிதம், உயிரியல் எல்லாம் உண்டு. பெரும்பாலும் இளங்கலைப் படிப்பு மட்டும்தான்; நான்கு ஆண்டுகள். சேரும்போதே துறையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்டுகள் பலதுறைப் பாடங்களையும் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யலாம். மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்திலேயே தங்குவார்கள். வில்லியம்ஸ் (1793), ஆம்ஹர்ஸ்ட் (1821), ஓபர்லின் (1833), ஸ்வார்த்மோர் (1864), கார்ல்டன் (1866), ரீட் (1908) ஆகியவை இந்த வகையில் பேர்பெற்றவை. மொத்த மாணவர்கள் பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. முன்வரிசைக் கல்லூரிகளில் ஏழு முதல் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் இருக்கும்.

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்றவர் இருக்கலாம். ஆனால் முதலாண்டு மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்தான். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் அப்படி இடையில் யாரும் கிடையாது. பேராசிரியரே பாடம் நடத்துவார், கட்டுரையைத் திருத்துவார், அழுதுகொண்டு வருகிற மாணவனுக்கு நாற்காலியும் போடுவார்.

இந்த இலட்சியத்துக்கு ஓர் உருவம் கொடுத்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் கார்ஃபீல்ட். வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர். அங்கே 1836 முதல் 1872 வரை தலைவராக இருந்து பாடமும் நடத்தியவர் மார்க் ஹாப்கின்ஸ். ஒரு மரக்கட்டையின் ஒரு முனையில் ஹாப்கின்ஸும் மறுமுனையில் ஒரு மாணவனும் உட்கார்ந்தால் அதுவே கல்லூரி என்ற பொருளில் கார்ஃபீல்ட் பேசியதாகச் சொல்வார்கள். கட்டடம் வேண்டாம், நூலகம் வேண்டாம், அந்த ஓர் ஆள் போதும் என்கிற நம்பிக்கை அது.

அந்த ஹாப்கின்ஸுக்கும் தமிழ் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1806இல் வில்லியம்ஸ் மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு ஒரு வைக்கோல் போரின் ஓரம் ஒதுங்கிப் பிரார்த்தனை செய்ததில் தொடங்கி, 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். 1834இல் மதுரைக்கு வந்தார்கள். 1857 முதல் முப்பது ஆண்டுகள் அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் இதே மார்க் ஹாப்கின்ஸ்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இல் பிறந்ததும் அவர் தலைவராக இருந்த காலத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமான சி.வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர்.

சின்ன இடத்தில் சுபாவம் பெரிதாவது எப்படி?

1. தப்பிக்க வழி கிடையாது. ஒரு துறையில் மூன்று, நான்கு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். அந்தத் துறையில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஒரே ஆசிரியரிடம் நான்கைந்து பாடங்கள் படிக்க நேரும். அவர் முன்கோபி என்றால் நான்கு வருடமும் அந்தக் கோபத்தோடுதான்.

2. பாடம் நடத்துகிற முறை. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வில்லியம்ஸ் கல்லூரியில் 'டுடோரியல்' என்று ஒரு வகுப்பு முறை உண்டு. ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள், வாரம் ஒரு முறை சந்திப்பு. ஒருவர் ஐந்தாறு பக்கக் கட்டுரை எழுதி முன்கூட்டியே மற்றவருக்கும் ஆசிரியருக்கும் அனுப்பிவிட வேண்டும். மற்றவர் அதை அலசி எழுத்தில் விமர்சனம் தயாரித்து வர வேண்டும். அடுத்த வாரம் வேடம் மாறும். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுவதே குறைவு. எப்போது வாயை மூடிக்கொள்வது, எந்தக் கேள்வியை எப்போது போடுவது, தடுமாறுகிறவருக்கு எத்தனை விநாடி அவகாசம் கொடுப்பது என்பதில்தான் வகுப்பின் உயிர் இருக்கிறது. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஆசிரியரின் பொறுமையின்மை பின்வரிசைக்குத் தெரியாது. இங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் சுருங்கினால் கட்டுரையின் அடுத்த வரியைப் படிக்கவே வாய் வராது.

3. பரிந்துரைக் கடிதம். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது மாணவருக்காக எழுதப்போவது இந்த இரண்டு, மூன்று பேர்தான். அவர்களோடு உறவு கெட்டால் மாற்று ஆள் கிடையாது.

4. ஊர். ஐயோவா மாநிலத்தின் கிரினெல், மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ்டவுன் போன்றவை பத்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர்கள். துறையில் சண்டை போட்டவரை மாலையில் மளிகைக் கடையிலும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கால்பந்து மைதானத்திலும் பார்க்க வேண்டும்.

5. நிர்வாகம். பாடத்திட்டம், புதிய நியமனம், பதவி உயர்வு எல்லாவற்றையும் ஆசிரியர்களே கமிட்டி போட்டு முடிவு செய்கிறார்கள். நூற்றைம்பது பேர் உள்ள கல்லூரியில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கமிட்டியில் இருந்தே தீர வேண்டும்.

டென்யூர் என்னும் கதவு

மேலே சொன்ன ஐந்தும் ஒன்றுசேருகிற இடம் டென்யூர். அது வேலைக்கான நிரந்தர உத்தரவாதம். தக்க காரணமும் முறையான விசாரணையும் இல்லாமல் பேராசிரியரை வேலையிலிருந்து நீக்க முடியாது.

இது ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய நிகழ்வு உண்டு. 1900இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பொருளியல் பேராசிரியர் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழக நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு அவர் கருத்துகள் பிடிக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவித்து ராஜினாமா செய்தவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் தத்துவ ஆசிரியரும் ஒருவர். அவரும் தத்துவ அறிஞர் ஜான் டூயியும் முன்னின்று 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை உருவாக்கினார்கள். அந்தச் சங்கமும் கல்லூரிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து 1940இல் வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கைதான் இன்றைய டென்யூரின் அடிப்படை. தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்கிறது அது.

நடைமுறை இப்படி. ஆறாவது ஆண்டில் ஆசிரியரின் கோப்பு தயாராகும். கற்பித்தல், ஆய்வு, கல்லூரிச் சேவை என்று மூன்று தலைப்பு. வெளிக் கல்லூரி அறிஞர்களின் கருத்தும் வாங்கப்படும். துறை, ஆசிரியர் கமிட்டி, தலைவர், அறங்காவலர் குழு என்று கோப்பு மேலே போகும். கிடைத்தால் ஓய்வுபெறும் வரை வேலை. கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நடுவில் எதுவும் கிடையாது.

துறையில் இருக்கும் மற்ற மூவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர்கள் போடப்போவது முப்பது வருட உறவுக்கான ஓட்டு. அதனால்தான் "இவரோடு காலந்தள்ள முடியுமா?" என்ற கேள்வி, எழுதப்பட்ட மூன்று தலைப்புகளிலும் இல்லாவிட்டாலும், அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கேள்வி தவறு என்று சொல்ல மாட்டேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரோலின்ஸ் கல்லூரியின் கதை போதும்.

ரோலின்ஸ், 1933

ஃபுளோரிடாவின் வின்டர் பார்க்கில் இருக்கிறது ரோலின்ஸ் கல்லூரி. 1925இல் அதன் தலைவராக வந்த ஹாமில்டன் ஹோல்ட் பத்திரிகையாளராக இருந்தவர். விரிவுரை கேட்டுக் கேட்டு மாணவர்கள் தூங்குகிறார்கள், ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரையாடினால்தான் படிப்பு என்பது அவர் கொள்கை. அதை உண்மையிலேயே செய்து காட்டினார். பட்டங்களைவிட ஆளுமையைப் பார்த்தே ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். 'தங்கமான ஆளுமைகள்' என்பது அவர்களைக் குறிக்க அவர் விரும்பிய தொடர்.

அப்படி 1930இல் வந்த ஒருவர் ஜான் ஆண்ட்ரூ ரைஸ். கிரேக்க, லத்தீன் ஆசிரியர். சாக்ரடீஸ் பாணியில் கேள்வி கேட்டே மாணவரைக் கிறங்கடிப்பார். வகுப்பு எப்போதும் அனல் பறக்கும். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்கு அவமானம். மாணவர் குழுக்களின் மேட்டிமைத்தனத்தைப் பகிரங்கமாகச் சாடினார். கல்லூரித் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் வழிபாட்டைக் கிண்டல் செய்தார். கடற்கரையில் அரைகுறை உடையில் திரிந்தார் என்பதும் புகார்ப் பட்டியலில் ஏறியது. 1933இல் ஹோல்ட் அவரை நீக்கினார்.

1915இல் உருவான அந்தப் பேராசிரியர் சங்கம் விசாரணைக்கு இருவரை அனுப்பியது. அதில் ஒருவர் மேலே பார்த்த அதே ஆர்தர் லவ்ஜாய். ஒருபக்கம் ரைஸ் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர் என்பதை ஏற்கிறார்கள். மறுபக்கம் அவர் பேச்சு, நடை, உடை, கிண்டல் எல்லாம் குற்றச்சாட்டாக வரிசையாக நிற்கின்றன. சங்கத்தின் அறிக்கை ரோலின்ஸ் நிர்வாகத்துக்கு எதிராகவே அமைந்தது. ஆனால் அதற்குள் ரைஸுக்கு ஆதரவாக நின்ற இன்னும் சில ஆசிரியர்களும் வேலையை இழந்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஹோல்ட் வில்லன் அல்ல என்பதுதான். அவர் கொள்கையில் நேர்மையானவர், கற்பித்தலைச் சீர்திருத்த உழைத்தவர். ஆளுமையைப் பார்த்து வேலைக்கு எடுத்தவர், அதே ஆளுமையைப் பார்த்து வேலையிலிருந்து நீக்கினார். குணத்தை அளவுகோலாக்கினால் அது இரண்டு பக்கமும் வெட்டும். எது 'தங்கம்' என்று முடிவு செய்கிற அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அவருக்கு எரிச்சல் வரும் நாளில் தங்கம் பித்தளையாகிவிடும்.

பிளாக் மவுண்டன்: தலைவரே இல்லாவிட்டால்?

வெளியே வந்த ரைஸும் நண்பர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிர்வாகம்தான் பிரச்சினை, ஆசிரியர்களே கல்லூரியை நடத்தினால் இந்தக் கொடுமை நடக்காது. அதே 1933ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வட கரோலினாவின் ஆஷ்வில் நகருக்கு அருகே வாடகைக் கட்டடங்களில் பிளாக் மவுண்டன் கல்லூரி திறக்கப்பட்டது. நாடு பெரும் பொருளாதாரச் சரிவில் இருந்த காலம். கையில் பணம் கிடையாது, இருபதுக்குச் சற்று மேற்பட்ட மாணவர்கள். வெளி அறங்காவலர் குழு கிடையாது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, பண்ணை வேலையையும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து யோசெஃப் ஆல்பெர்ஸ் வந்தார். பௌஹவுஸ் கலைப்பள்ளி நாஜி நெருக்கடியில் மூடப்பட்டதால் வெளியேறியவர்; நெசவுக் கலைஞரான மனைவி ஆன்னியும் உடன் வந்தார். ஆல்பெர்ஸுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கண்களைத் திறப்பதுதான் தன் வேலை என்று சொன்னார். அவர் வகுப்பில் முதலில் பெயின்ட்டும் தூரிகையும் கிடையாது. காகிதத்தை மடிக்கச் சொல்வார். எதையும் ஒட்டாமல், வீணாக்காமல் அந்தக் காகிதம் தானே எழுந்து நிற்க வேண்டும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து நிறத்தின் மேல் நிறம் வைக்கச் சொல்வார். பக்கத்து நிறம் மாறினால் நடுவில் உள்ள நிறமும் மாறித் தெரிவதை மாணவர் தானாகக் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டார். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. "என்னை வெளிப்படுத்துகிறேன்" என்று யாராவது சொன்னால் பொறுக்கவே மாட்டார். முதலில் பார்க்கக் கற்றுக்கொள் என்பார்.

அவரிடம் படித்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரூத் அசாவா ஜப்பானிய அமெரிக்கப் பெண். இரண்டாம் உலகப்போரில் குடும்பத்தோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தும், ஜப்பானிய வம்சாவளி என்பதால் பள்ளிகளில் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் பட்டத்தை முடிக்க முடியாமல் போனது. 1946இல் பிளாக் மவுண்டனுக்கு வந்தார். ஆல்பெர்ஸின் கண்டிப்பு அவருக்குச் சுதந்திரமாக இருந்தது. இங்கே யாரும் வம்சத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார்கள். கம்பியைப் பின்னிச் செய்யும் அவருடைய சிற்பங்கள் பின்னாளில் உலகப்புகழ் பெற்றன. வாழ்நாள் முழுக்க ஆல்பெர்ஸைக் குருவாகவே மதித்தார். இரண்டாமவர் ராபர்ட் ரௌஷன்பெர்க். 1948இல் வந்தார். வகுப்பில் அவர் செய்வது எதுவும் ஆல்பெர்ஸுக்குப் பிடிக்காது. அவரும் உலகப்புகழ் பெற்றார். ஆல்பெர்ஸ் அருமையான ஆசிரியர், ஆனால் சகிக்க முடியாத மனிதர் என்ற கருத்தில் பின்னாளில் பேசினார். கூடவே தனக்குக் கிடைத்த முக்கியமான ஆசிரியர் அவர்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஆசிரியர், ஒரே கண்டிப்பு, ஒரே காலம். இந்த இருவரிடமும் மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்து 'உங்கள் ஆசிரியர் அணுக எளியவரா?' என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

சரி, ஆசிரியர்களே நடத்திய கல்லூரியில் சண்டை ஓய்ந்ததா? ஓயவில்லை. நிறுவனர் ரைஸின் நாக்கே சக ஆசிரியர்களைப் புண்படுத்தியது. 1938இல் விடுப்பில் அனுப்பப்பட்டார், 1940இல் ராஜினாமா செய்தார். 1944இல் எரிக் பென்ட்லி உள்ளிட்ட சில ஆசிரியர்கள் கருத்து மோதலில் வெளியேறினார்கள், கூடவே மாணவர்களும் போனார்கள். 1949இல் இன்னொரு பிளவு. தொடக்கம் முதல் கணக்கு வழக்கைத் தாங்கிய தியோடர் டிரையரை விலகச் சொன்னதும் ஆல்பெர்ஸும் ராஜினாமா செய்தார். கடைசிக் கட்டத்தில் கவிஞர் சார்ல்ஸ் ஓல்சன் என்ற ஆறடி எட்டங்குல மனிதர் தன் ஆளுமையாலேயே கல்லூரியைத் தாங்கிப் பிடித்தார். பணம் இல்லை, மாணவர்களும் இல்லை. 1957இல் மூடப்பட்டது. 24 ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள் மொத்தமே சுமார் 1,200 பேர்.

என் கணிப்பில், இந்தக் கல்லூரியின் வரலாறு சொல்வது இது: மேலே ஒரு தலைவர் இருப்பது மட்டும் பிரச்சினை அல்ல. மேல்முறையீட்டுக்கு வெளியே யாருமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு கருத்து வேறுபாடும் நேராகக் குணச்சண்டையாக மாறுகிறது. யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போனால்தான் அது முடிகிறது.

நான்காவது தலைப்பு

1990களில் சில கல்லூரிகள் வெளிப்படையாகவே ஒரு மாற்றம் செய்தன. கற்பித்தல், ஆய்வு, சேவை என்ற மூன்றோடு 'கலீஜியாலிட்டி' என்ற நான்காவது தலைப்பைச் சேர்த்தன. சக ஆசிரியர்களோடு இணக்கமாக வேலை செய்யும் இயல்பு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நீதிமன்றங்களும் இதற்குப் பெரிய தடை போடவில்லை. 1994இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன்வில் கல்லூரி தொடர்பான வழக்கிலும், 1998இல் மேரிலாந்தில் பால்டிமோர் பல்கலைக்கழக வழக்கிலும், விதிகளில் தனியாக எழுதப்படாவிட்டாலும் இந்த இயல்பைக் கணக்கில் எடுக்கலாம் என்ற நிலைப்பாடே வந்தது.

ஆசிரியர் சங்கம் 1999இல் இதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. அதன் வாதத்தை இப்படிப் பிரிக்கலாம்:

1. நல்ல சக ஆசிரியராக இருப்பது கற்பித்தலிலும் ஆய்விலும் சேவையிலும் தானாகத் தெரியும். கமிட்டிக் கூட்டத்துக்கே வராதவர் சேவையில் குறைந்தவர் என்று எழுதுங்கள். அதற்குத் தனித் தலைப்பு எதற்கு?

2. ஒருவர் மாணவரை அவமதித்தார், சக ஆசிரியரின் வேலையைக் கெடுத்தார் என்றால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய செயல். அதற்கு விசாரணை உண்டு, பதில் சொல்லும் உரிமை உண்டு. குணத்தின் பெயரால் டென்யூரை மறுத்தால் அந்த உரிமை இல்லாமல் போகிறது.

3. 'ஒத்துப்போகிறவர்' என்றால் நடைமுறையில் 'நம்மைப் போன்றவர்' என்று ஆகிவிடும். வேறு நிறம், வேறு வர்க்கம், வேறு பேச்சுமுறை கொண்டவர் முதலில் அடிபடுவார். தலைவரின் திட்டத்தைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் 'இணக்கமற்றவர்' ஆவார்.

மூன்றாவது புள்ளியே முக்கியமானது என்பேன். ஆனால் எதிர்த்தரப்பின் வலியையும் புறந்தள்ள முடியாது. நான்கு பேர் துறையில் ஒருவர் மற்ற மூவரையும் மிரட்டிக்கொண்டிருந்தால், "அது அவர் தனித்தன்மை" என்று சொல்லிவிட்டுப் போவது கொடுமை. அதிலும் டென்யூர் வாங்காத இளையவர்தான் அதிகம் அடிபடுவார். இதற்கு வழி, குணத்தை விட்டுவிட்டுச் செயலைப் பதிவு செய்வதுதான். 'கடுமையானவர்' என்று கோப்பில் எழுதினால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'இன்ன தேதியில் இன்ன கூட்டத்தில் இப்படிச் செய்தார்' என்றால் சொல்லலாம்.

மாணவர் மதிப்பீடு எதை அளக்கிறது?

சிறிய கல்லூரிகளில் கற்பித்தலுக்குத்தான் முதலிடம் என்பதால், பருவக் கடைசியில் மாணவர்கள் நிரப்பும் படிவத்துக்குக் கோப்பில் கனம் அதிகம். அங்கேயும் சுபாவம்தான் பின்வாசல் வழியாக நுழைகிறது.

1970களின் தொடக்கத்தில் வெளியான ஒரு சோதனை புகழ்பெற்றது. 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் ஒரு நடிகரை நிறுத்தி, பொருளே இல்லாத ஓர் உரையைக் கலகலப்பாகப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் மருத்துவக் கல்வித் துறையினர். நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். 1993இல் உளவியல் ஆய்வாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் ஆசிரியர்களின் ஒலியில்லாத, சில விநாடிகளே ஓடும் வீடியோத் துண்டுகளை அந்நியர்களுக்குக் காட்டினார்கள். அந்த அந்நியர்கள் போட்ட மதிப்பீடு, பருவம் முழுக்கப் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. அமெரிக்க விமானப்படை அகாதெமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரிக்கிறார்கள். அந்தத் தரவை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், அந்தப் பருவத்தில் நல்ல மதிப்பெண்ணும் நல்ல மதிப்பீடும் வாங்கித்தந்த ஆசிரியர்களின் மாணவர்கள், அதைத் தொடரும் உயர்நிலைப் பாடங்களில் பின்தங்கியது தெரிந்தது.

படிவம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வகுப்புக்கு நேரத்துக்கு வருகிறாரா, விடைத்தாளைத் திருப்பித் தருகிறாரா, கேள்வி கேட்டால் கேலி செய்கிறாரா என்பதையெல்லாம் மாணவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. கற்றார்களா என்பதை அது சொல்லாது. அதற்குச் சக ஆசிரியர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், மாணவரின் கட்டுரைகளைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் இது எங்கே நிற்கிறது?

சோனிபட்டின் அசோகா பல்கலைக்கழகம் (2014), சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா பல்கலைக்கழகம் என்று லிபரல் ஆர்ட்ஸ் மாதிரி இங்கேயும் வந்துவிட்டது. சிறு வகுப்பு, வளாக வாழ்க்கை, பெயர்பெற்ற ஆசிரியர்கள் என்று விளம்பரமும் அதே தொனிதான். 2021 மார்ச்சில் அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா அசோகாவிலிருந்து விலகியபோது, தன் இருப்பு பல்கலைக்கழகத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படலாம் என்று கடிதத்தில் எழுதினார். 2023இல் தேர்தல் பற்றிய ஆய்வுக் கட்டுரையை ஒட்டிய சர்ச்சைக்குப் பின் அங்கே பொருளியல் ஆசிரியராக இருந்த சப்யசாச்சி தாஸ் விலகினார். இரண்டிலும் விவகாரம் குணமல்ல, கருத்து. ஆனால் ஆசிரியருக்கு என்ன காப்பு இருக்கிறது என்ற கேள்வி ரோலின்ஸில் எழுந்த அதே கேள்விதான். நன்கொடையாளர்களின் பணத்தில் நடக்கும் இடத்தில் அது இன்னும் கூர்மையாகிறது.

பிள்ளைகளை இப்படிப்பட்ட கல்லூரிக்கு, இங்கேயோ அமெரிக்காவிலோ, அனுப்ப நினைக்கும் பெற்றோர் தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதோடு சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்:

1. பிள்ளைக்குப் பிடித்த துறையில் எத்தனை ஆசிரியர்கள்? அவர்களில் நிரந்தரமானவர்கள் எத்தனை பேர், ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் எத்தனை பேர்? ஒப்பந்த ஆசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் மூன்றாம் ஆண்டில் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது.

2. ஆசிரியரோடு பிரச்சினை என்றால் துறைக்கு வெளியே யாரிடம் போகலாம்? பெயரோ பதவியோ சொல்லத் தெரியாத கல்லூரி என்றால் யோசிக்க வேண்டும்.

3. கல்லூரியின் நிதி நிலை எப்படி? வெர்மான்ட்டில் மார்ல்பரோ என்று ஒரு கல்லூரி இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் மாணவர் ஒரு பேராசிரியரோடு தனியாக உட்கார்ந்து தன் ஆய்வைத் தானே வகுத்துக்கொள்ளும் முறை அங்கே உண்டு. மரக்கட்டை இலட்சியத்துக்கு அவ்வளவு நெருக்கமாக வந்த கல்லூரிகள் குறைவு. மாணவர் எண்ணிக்கை சரிந்ததால் 2020இல் வளாகத்தை மூடிவிட்டு பாஸ்டனின் எமர்சன் கல்லூரியோடு இணைந்தது. ஆசிரியர்களில் பலரும் அங்கே மாறினார்கள். வேறு கல்லூரிகள் மூடப்பட்டபோது டென்யூர் பெற்றவர்களுக்குக்கூட அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, ஏனென்றால் கல்லூரியே இல்லாமல் போனால் அந்த உத்தரவாதமும் கூடவே போய்விடுகிறது.